ராஜா பார்க் வாசலில் பெண் பார்த்த வெள்ளிக்கிழமை

“மேடம், இவர் உங்க ஹஸ்பெண்டா?”

கேட்டவர் பூங்கா வாசல் காவலாளி. ஓமானி. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், இந்தி நன்றாகப் பேசினார். அவர் கை காட்டிய மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை, புதுச் செருப்பு, கையில் டேப் சுற்றிய அல்வா டப்பா. என்னைப் பெண் பார்ப்பதற்காக சோஹார் என்கிற துறைமுக ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தவர். பெயர் சிவராமன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரை உள்ளே விட்டுவிடுவார்கள். உள்ளே புல்தரையில் பாய் விரித்து, கேசரியும் உளுந்த வடையும் எடுத்து வைத்துக்கொண்டு அக்காவும் அத்தானும் காத்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்து முடிந்திருக்கும்.

ஆனால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ஒருத்தரைப் பிடிக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கே முதலில் அவரை வீட்டுக்காரர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால் இது என்ன நியாயம்?

“இல்லை” என்றேன்.

“பிரதர்?”

“அதுவும் இல்லை.”

காவலாளி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், அல்வா டப்பாவையும் பார்த்தார். “அப்போ யாரு?”

அதைக் கண்டுபிடிக்கத்தானய்யா இவ்வளவு பாடு என்று தமிழில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சிவராமனுக்குப் புரிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பேச்சிலர் மாஃபி

வளைகுடாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். இங்கே பேச்சிலர் என்றால் கல்யாணம் ஆகாதவன் இல்லை. குடும்பம் கூட இல்லாமல் இருக்கிறவன். ஊரில் மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பேரன் என்று இருந்தாலும், இங்கே தனியாக ரூமில் இருந்தால் அவன் பேச்சிலர்தான். வாடகை போர்டுகளில் எழுதியிருப்பார்கள், ஃபேமிலி ஒன்லி என்று. சில பூங்காக்களில் சில கிழமைகளிலும் அதே சட்டம். கூட ஒரு பெண் இருந்தால் உள்ளே போகலாம். ஒற்றை ஆளாக வந்தால், “பேச்சிலர் மாஃபி”, கிடையாது, கிளம்பு.

நாங்கள் போனது பழைய மஸ்கட்டில் இருக்கும் ஒரு தோட்டம். ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டுமானதாக இருந்து, பிறகு ஊருக்குத் திறந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். அதற்கு அரபியில் நீளமான பெயர் ஒன்று உண்டு. மஸ்கட்டில் நாங்கள் இருக்கும் பகுதியான ரூவியில், தமிழர்கள் வாயில் அது ராஜா பார்க். அங்கே வெள்ளிக்கிழமை குடும்பத்தினருக்கு மட்டும்.

ரூவியில் பெண் பார்ப்பது எங்கே நடக்கும் என்று கணக்கில்லை. என் தோழி ஒருத்தியை ஹைப்பர் மார்க்கெட்டில் வைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வெங்காயம் பொறுக்குகிற மாதிரி நிற்க, இவள் தக்காளி பொறுக்குகிற மாதிரி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் நிஜமாகவே நான்கு கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணமும் நடந்தது, நன்றாக இருக்கிறார்கள்.

என் விஷயத்தில் பூங்கா என்று முடிவு செய்தது அக்கா. எங்கள் ஃபிளாட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது, மாப்பிள்ளையை எதன் மேல் உட்காரவைப்பது? “புல்லு நல்லா இருக்கும்ட்டி. போட்டோவும் நல்லா விழும்” என்றாள். அக்கா அந்தப் பூங்காவுக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறாள், ஒவ்வொரு தரமும் அத்தானோடு. அதனால் வாசலில் இப்படியொரு சட்டம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அத்தானுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வருஷம் பேச்சிலராக இருந்து, இதே மாதிரி வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்தான். குடும்பம் வந்தபிறகு சுத்தமாக மறந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா சுரண்டையில். அவருக்கு அக்கா தங்கை கிடையாது. ஊரில் என்றால் ஒரு வேன் நிறையப் பெண்களோடு வந்திறங்கியிருப்பார். இங்கே வந்தது அவரும் அல்வாவும் மட்டும்தான்.

அத்தான் வாசலுக்கு வந்து வாதாடிப் பார்த்தார். காவலாளி அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார், வீட்டுப் பெண் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போகட்டும், விடுகிறேன் என்று. அக்கா என்னைப் பார்த்தாள். “ஏட்டி கலா, போய்க் கூட்டிட்டு வா. ஒண்ணும் பேசாத, தலையை மட்டும் ஆட்டு.”

தலையை ஆட்டுவது எனக்கு எப்போதுமே வராது.

அட்டைப்பெட்டிகளின் மாதம்

அந்த மாதங்களில் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாத நோய் பிடித்திருந்தது. ரூவியில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் நான். ரத்தம் எடுக்கும் வேலை. போன வாரம் இந்தப் பத்தியில் அந்தக் கிளினிக்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “ஊசி போடுகிற கைக்கு இவ்வளவு வாயா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், இவ்வளவு வாய்தான். ஆனால் வேலையில் கை நடுங்காது. வீட்டுக்கு வந்தால்தான் நிலைகொள்ளாது. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

காரணம் இதுதான். அத்தானுடைய கம்பெனி மஸ்கட் ஆபீஸை மூடுவதாக இருந்தது. அவருக்குப் பக்கத்து நாட்டில், தம்மாமில் வேலை தருகிறோம் என்றார்கள். ஆனால் சிங்கிள் ஸ்டேட்டஸ், குடும்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அத்தான் தம்மாமுக்கு, அக்காவும் அவள் மகளும் ஊருக்கு, ஃபிளாட்டைக் காலி செய்ய வேண்டியது. நான் அந்த ஃபிளாட்டின் சின்ன அறையில் இருக்கிறவள்.

எனக்கென்று சொந்தமாக விசா இருக்கிறது, வேலை இருக்கிறது. இருந்தும் அக்காவுக்கு என்னை இங்கே தனியாக விட்டுப் போக மனசில்லை. ஊருக்கு வந்துவிடு, இல்லையென்றால் கல்யாணம் செய்துகொள். இரண்டில் ஒன்று என்றாள். எனக்கு இந்த வேலை வேண்டும், இந்த ஊர் வேண்டும். அக்காவும் வேண்டும். அதில்தான் சிக்கல்.

சோஹாரில் மாப்பிள்ளை என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது உண்மை. சோஹார் பக்கம்தானே. அங்கேயும் கிளினிக் உண்டு, லேப் உண்டு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அக்கா மகள் அன்றைக்குத் தோழி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டாள். போகும்போது, “சித்தி, திஸ் இஸ் ஸோ வியர்ட். பிடிக்கலைன்னா ஜஸ்ட் ரன்” என்று ஆலோசனை சொல்லிவிட்டுப் போனாள்.

உட்கார இடமில்லாத பேட்டை

“கடல் பக்கம் இன்னொரு கேட் இருக்கு. அங்கே வேற ஆள், கேட்டுப் பாருங்க” என்றார் காவலாளி. பாவம், அவருக்கும் எங்களை வாசலிலிருந்து கிளப்பியாக வேண்டும்.

“நடப்போமா?” என்றேன்.

சிவராமன் தயங்கினார். “அக்கா தேட மாட்டாங்களா?”

“தேடட்டும்” என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

பழைய மஸ்கட்டைச் சுற்றி மொட்டை மலை. புல் பூண்டு ஒன்றும் இல்லாத கருஞ்சிவப்புப் பாறை. அதன் மேல் பழைய கோட்டைகள். நடுவில், நீலமும் தங்கமுமாகத் தூண்கள் நிற்கும் அரண்மனை. அதைச் சுற்றித்தான் அந்தப் பேட்டை. பரம்பரையாக அங்கேயே இருப்பவர்களின் வெள்ளை வீடுகள், பெரிய பெரிய மரக்கதவுகள், கதவில் பித்தளைக் குமிழ்கள். ரூவியிலிருந்து டாக்சியில் கொஞ்ச நேரம்தான். ஆனால் ரூவியில் மூச்சுவிடவே இடமிருக்காது, இங்கே தெருவில் ஆளே இல்லை.

கடை இல்லை. டீ இல்லை. ஒரு பெஞ்சு இல்லை. சுவரோரம் பெட்டூனியாப் பூக்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்குக்கூடச் சொட்டுச் சொட்டாகக் குழாயில் தண்ணீர் வருகிறது. ஒரு பங்களாதேஷ் தோட்டக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்து, சலாம் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். ஏதோ ஒரு ஜன்னலிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. கடல் மதிலுக்கு அந்தப் பக்கம். சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு கதவின் வேலைப்பாட்டைப் பார்க்க நின்றேன். ஈச்சம் ஓலையும் பூவுமாகச் செதுக்கியிருந்தது. உடனே ஒரு போலீஸ் வண்டி பக்கத்தில் மெதுவாக வந்தது. கண்ணாடி இறங்கியது.

“எவ்ரிதிங் ஓகே?”

“ஓகே, ஓகே” என்றார் சிவராமன்.

மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் நின்றால் கேள்வி வரும் என்று தெரிந்துபோயிற்று. அதனால் நிற்காமல் பேசினோம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் பெண்ணும் ஓட்டமும் நடையுமாகப் பேசிக்கொண்டு போன காட்சியை யாராவது மாடியிலிருந்து பார்த்திருந்தால் சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவர் சாரம் கட்டும் பிரிவில் சூப்பர்வைசர். கேம்ப்பில் இருக்கிறார், ஒரு ரூமில் ஆறு பேர். அல்வா, லீவிலிருந்து திரும்பிய ரூம்மேட் கொண்டுவந்தது. “எங்க ரூம்ல இது தப்பிச்சதே பெரிய விஷயம். தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்தேன்” என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

“சோஹார்ல வீடு பாத்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“கல்யாணம் ஆனா இருக்கதுக்கு.”

அவர் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “சுரண்டைல மாடி எடுத்திருக்கோம். டைல்ஸ் போட்டாச்சு” என்றார்.

நான் கேட்டது சோஹார், அவர் சொன்னது சுரண்டை. என் நடை வேகம் கூடிவிட்டது.

அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

சுரண்டை என்று கேட்டதும் எனக்கு வேறொரு வீடு ஞாபகம் வந்தது. அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு அதற்குப் பக்கத்து ஊரில்தான். கல்யாணமாகி மஞ்சள் கயிற்றின் நிறம் மங்குவதற்குள் அத்தான் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார். அக்கா மாமியார் வீட்டில். நான் அப்போது அந்தப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். துணைக்கு ஆச்சு என்று என்னை அங்கேயே தங்கவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தானிடமிருந்து போன் வரும். முதலில் மாமியார் பேசுவார், மழை, மாடு, பக்கத்து வீட்டுச் சண்டை. அப்புறம் மாமனார், கிணற்று மோட்டார். அப்புறம் கொழுந்தன், அவனுக்கு ஷூ வேண்டும். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் போன் அவள் கைக்கு வரும். “நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்.” அதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிடும்.

போனை வைத்துவிட்டுத் தோசைக்கு மாவு எடுக்கப் போவாள். நான் அப்போதே கேட்பேன், “என்னக்கா, முதல்லயே நீ வாங்கிப் பேசினா என்ன?” என்று. “பெரியவங்க இருக்கும்போது அப்படிச் செய்யக் கூடாதுட்டி” என்பாள்.

இப்படி ஐந்து வருஷம். நடுவில் அத்தான் லீவில் வந்து போவார். பிறகுதான் ஃபேமிலி விசா கிடைத்து அக்கா ரூவிக்கு வந்தாள். வந்த பிறகு கொஞ்சம் சதை போட்டாள், சத்தமாகச் சிரிக்கப் பழகினாள். நானும் படிப்பை முடித்துவிட்டு அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தேன்.

வேலையை எப்போது விடுகிறாள்?

கடல் பக்கத்து கேட்டைக் கண்டுபிடித்தோம். அது பூட்டியிருந்தது. காவலாளி யாரும் இல்லை. கம்பி வழியாகப் பார்த்தால் உள்ளே பேரீச்சை மரங்கள், நீரூற்று, புல்லில் உருண்டு விளையாடும் குழந்தைகள். ஒரு குடும்பம் பிரியாணிச் சட்டியைத் திறந்தது, வாசனை எங்கள் வரைக்கும் வந்தது.

அப்போது சிவராமனின் போன் அடித்தது. வீடியோ கால், அவருடைய அம்மா. எடுத்தார்.

“ஏ ராசா, பாத்துட்டியா? பிள்ளை எப்படி இருக்கா? காட்டு பாப்போம்.”

அவர் திண்டாடிப்போய் போனை எதிரே இருந்த வீட்டுக் கதவின் பக்கம் திருப்பினார். “ஏம்மா, இது அரண்மனைத் தெரு. பாரேன், கதவு எப்படி இருக்குன்னு.”

“கதவை என்னலே பண்ண? கேக்கதுக்குப் பதில் சொல்லு. வேலையை எப்ப விடுதாளாம்? அவ அக்காக்காரி பொங்கலுக்கு முன்னயே விட்டுட்டு வந்துருவான்னா. நான் பாத்ரூம்ல விழுந்ததுல இருந்து ஒரு செம்பு தண்ணி தூக்க முடியல. ஆள் வேணும்லா?”

அவர் அவசரமாகக் காலைத் துண்டித்தார். ஆனால் எல்லாம் என் காதில் விழுந்துவிட்டது.

அக்கா எனக்குத் தெரியாமல் வாக்குக் கொடுத்திருக்கிறாள். என் வேலையை நான் எப்போது விடுவேன் என்று சுரண்டையில் ஒரு அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது! அந்தத் தெருவில் கல் ஏதாவது கிடந்தால் எடுத்து எறிந்திருப்பேன். அவ்வளவு சுத்தமான தெரு, ஒரு கல்கூட இல்லை.

“உங்களுக்குத் தெரியாதா?” என்றார் சிவராமன் மெதுவாக.

“தெரியாது. நீங்க அப்போ இங்கயே இருப்பீங்க. நான் சுரண்டைல உங்கம்மாவுக்குத் தண்ணி தூக்கணும். அப்படித்தானே?”

“எங்க கம்பெனில ஃபேமிலி ஸ்டேட்டஸ் கிடையாதுங்க. அம்மா தனியா கெடக்கா. வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?”

“நான் இங்கயே வேலை பாக்கேன். நீங்க வாராவாரம் சோஹார்ல இருந்து வாங்க. அம்மாவுக்கு ஒரு ஆள் போடுவோம், சம்பளம் நான் தாரேன்.”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவரைக் கட்டிக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் நின்றுவிட்டார். போலீஸ் வண்டியைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. “அம்மா ஒத்துக்கிட மாட்டா. சம்பளத்துக்கு ஆள் போட்டா ஊர் சிரிக்கும்பா” என்றார். பிறகு, “எங்கம்மாவுக்கு எப்படிப்பட்ட மருமக வேணும்னு எல்லாரும் பேசினாங்க. எனக்கு எப்படி வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேக்கலைங்க” என்றார்.

“நீங்க சொன்னீங்களா?”

“இல்ல.”

“சொல்லுவீங்களா?”

அவர் அல்வா டப்பாவின் டேப்பை நகத்தால் சுரண்டினார். திரும்பி நடந்தோம். வந்ததைவிட மெதுவாகத்தான் நடந்தோம். நல்ல மனிதர்தான். கோபப்படக்கூட முடியாத அளவுக்கு நல்ல மனிதர். அதற்கு நான் என்ன செய்ய?

அதற்குப் பிறகு அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரியாது.

பார்க்கிங்கில் கேசரி

வாசலுக்கு வந்தால் அக்காவும் அத்தானும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தார்கள். கார் நிறுத்தும் இடத்தில், மதில் நிழலில் மறுபடியும் பாய் விரித்து, எவர்சில்வர் டிபன் கேரியரைப் பிரித்து வைத்திருந்தாள் அக்கா. என்ன செய்ய, மாப்பிள்ளை உள்ளே வர முடியாதென்றால் பெண் பார்ப்பது வெளியே வந்துதானே ஆக வேண்டும். இரண்டு லேண்ட் குரூசர்களுக்கு நடுவில் நாங்கள் நான்கு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம்.

“எங்கட்டி போனீங்க? எத்தனை தடவை போன் அடிக்கேன்” என்று என்னிடம் பல்லைக் கடித்துவிட்டு, அவரிடம் சிரித்தமுகமாகத் தட்டை நீட்டினாள். “சாப்பிடுங்க தம்பி. நம்ம ஊர்ப் பக்குவம்தான்.”

சிவராமன் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். “இல்லைங்கக்கா… தப்பா எடுத்துக்கிடாதீங்க. எனக்குச் சரிப்பட்டு வராதுன்னு தோணுது” என்றார்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அத்தான், “ஏன் தம்பி, என்னாச்சு?” என்றார்.

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். நான் வேண்டாம் என்று சொன்னால் எனக்கு வீட்டில் அர்ச்சனை விழும், அவர் வேண்டாம் என்று சொன்னால் பேச்சே இல்லை. அவர் பங்குக்கு ஒரு உபகாரம். எனக்கு வந்ததே ஆத்திரம்! என் முடிவைச் சொல்ல எனக்கு இன்னொருத்தர் வாய் எதற்கு?

“அவர் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லல. நான்தான் சொல்லுதேன்” என்றேன். “வேலையை நான் விடமாட்டேன். யாருக்கும் தண்ணி தூக்க ஊருக்குப் போகமாட்டேன். யாரைக் கேட்டுக்கா நீ பொங்கலுக்கு முன்ன வருவான்னு சொன்ன?”

“ஏட்டி, மெதுவா பேசு. தம்பி இருக்காருல்லா.”

“அவருக்கும் தெரியட்டும்.”

அக்காவுக்கும் பொறுமை போயிற்று. “என்னட்டி பெரிசா பேசுத? ஊர்ல எவ புருசன் கூடவே இருக்கா? ரெண்டு வருசம், மூணு வருசம், கண்ணை மூடித் திறந்தா ஓடிரும். நான் இருக்கலையா? அஞ்சு வருசம் இருந்தேன்லா? செத்தா போயிட்டேன்?”

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

“இருந்தக்கா. எப்படி இருந்தன்னு அத்தானுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உன் பக்கத்துல படுத்தவ நான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முந்தானையை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு அழுவ. நான் தூங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு அழுவ. நான் ஒரு நாள்கூடத் தூங்கல.”

பூங்காவுக்குள் குழந்தைகள் கத்துவது மட்டும் கேட்டது. சிவராமன் தட்டைக் கீழே வைத்துவிட்டு மதில் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். “சுமதி, நெசமா?”

“கேசரி ஆறிப்போச்சு. சாப்பிடுங்க.”

“நெசமான்னு கேக்கேன்.”

“பின்ன போன்லயா அழ முடியும்? அழுதா நீங்க அங்கன எப்படி வேலை பாப்பீய?” அக்கா டிபன் கேரியரின் மூடியைத் தேடி எடுத்தாள். அது எந்த அடுக்கிலும் பொருந்தவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். “இப்பவும் நீங்க தம்மாமுக்குப் போங்க. நான் இருந்துக்கிடுவேன். எனக்குப் பழக்கம்தானே.”

“ஒத்தையாப் போறதா இல்லை” என்றார் அத்தான். “ஆபீஸ்ல சொல்லிருதேன். ஃபேமிலி விசா தந்தா தம்மாம். இல்லைன்னா இங்கனயே வேற வேலை பாக்கேன், கிடைக்காமலா போயிரும்.”

அத்தான் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் அக்காவின் கையிலிருந்த மூடி தார்த்தரையில் விழுந்து உருண்டது.

அக்கா அழுதாள். முந்தானையைத் தேடவில்லை. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து, அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். கார் எடுக்க வந்த ஒரு ஓமானிக் குடும்பம் தயங்கி நின்றுவிட்டது.

அத்தான் அவள் பக்கத்தில் நகர்ந்து வந்தார். கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார், தண்ணீர் பாட்டிலை எடுத்தார், கீழே வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்ததே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று அந்த மனுசனுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். அக்கா அழுதால் தோள்பட்டைக்குக் கீழே, முதுகின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தடவ வேண்டும். தூக்கத்தில் கை படுகிற மாதிரி அந்த நாளில் அப்படித்தான் செய்வேன். எழுந்து போய் அவள் பின்னால் மண்டியிட்டு அதே இடத்தில் கையை வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது.

பிறகு அத்தானின் கையைப் பிடித்து இழுத்து என் கை இருந்த இடத்தில் வைத்தேன்.

“இங்கன தடவுங்க அத்தான்” என்றேன்.